டங்ஸ்டன் மோதிரமும் ஒரு ஸ்பூனும்

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாப்பிள்ளை ஸ்பூன் கேட்டார்.

இரண்டு வாரத்துக்கு முன்னால், என் தங்கை தீபாவின் கல்யாணத்தில் நடந்தது இது. முதல் வரிசையில் தலைவாழை இலை. மாப்பிள்ளை பிரசன்னா, பக்கத்தில் தீபா, எதிரே வீடியோக்காரர். சாதம் விழுந்து, பருப்பும் நெய்யும் விழுந்தாயிற்று. மனிதர் இலையில் கை வைக்கவில்லை. ஸ்பூன் வேண்டும் என்கிறார். பரிமாறியவர், பாயசத்துக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, அது கடைசியில் வரும் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். மாப்பிள்ளை அவரை மறுபடி கூப்பிட்டு, பாயசத்துக்கு இல்லை, சாதத்துக்கு என்றார்.

எனக்குக் கோபம் எங்கிருந்தோ ஏறியது. ஸ்ரீரங்கத்தில் பிறந்து, ஸ்ரீரங்கத்திலேயே வளர்ந்து, வீட்டு மாடியில் லுங்கியோடு உட்கார்ந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ஆளுக்கு வாழை இலையில் ஸ்பூனா? சமையல்காரர் பார்க்கிறார். என் பெரிய அத்தை பார்க்கிறார். அவர் பார்த்தால் அது எங்கள் பக்கம் திருவெறும்பூர் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

நேராகப் போய்க் குனிந்து, இப்படியெல்லாம் பண்ணினால் நன்றாக இல்லை என்று மாப்பிள்ளை காதில் சொன்னேன். எனக்கு மெல்லப் பேச வராது. நாலு இலை தள்ளி உட்கார்ந்திருந்தவரும் நிமிர்ந்து பார்த்தார். மாப்பிள்ளை குனிந்து இலையைப் பார்த்தார். வலது கை மடியில், அங்கவஸ்திரத்துக்குள் இருந்தது. தீபாதான் பேசினாள்.

"அண்ணே, கத்தாத. அவர் விரலைப் பாரு."

அங்கவஸ்திரத்தை விலக்கினாள். பார்த்தேன். மோதிர விரல் நாவற்பழ நிறத்தில் இருந்தது. பருமனும் கிட்டத்தட்ட பழம் போலத்தான். நடுவில், காலையில் மணமேடையில் நான் என் கையால் போட்ட மோதிரம். பளபளவென்று, ஒரு கீறல் இல்லாமல்.

இந்த மோதிரத்தின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்களுக்கு அப்பா இல்லை. தங்கை கல்யாணத்தில் அப்பா செய்ய வேண்டியதும் நான்தான், அண்ணன் செய்ய வேண்டியதும் நான்தான். எங்கள் வீட்டு வழக்கப்படி, தாலி கட்டி முடிந்ததும் பெண்ணோடு பிறந்தவன் மாப்பிள்ளைக்கு ஒரு மோதிரம் போட வேண்டும். மச்சினன் மோதிரம் என்போம். அதில் ஒரு கண்டிஷன் உண்டு. மேடையில் ஏறுவதற்கு முன்னால் அந்த மோதிரம் மாப்பிள்ளை விரலில் ஏறக் கூடாது. அளவு பார்க்கக்கூட. ஏன் என்று நான் கேட்காத ஆள் இல்லை. "நம்ம வீட்ல அப்படித்தான்" என்றார்கள். நாம் கடைப்பிடிக்கிற பாதி விஷயத்துக்கு இதைவிடப் பெரிய விளக்கம் கிடையாது.

தங்கமாக இருந்தவரை இதனால் தொல்லை இல்லை. லூசாக இருந்தால் அடியில் நூல் சுற்றிக்கொள்வார்கள். டைட்டாக இருந்தால் ஆசாரியிடம் கொடுத்தால் தட்டிப் பெரிதாக்கித் தருவார். தங்கம் சொன்னபடி கேட்கும். அதனால் நம் ஊரில் யாரும் மோதிர அளவைப் பற்றிப் பெரிதாக மூளையைச் செலவழித்ததில்லை.

தை மாதம் நிச்சயதார்த்தம். சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது மாப்பிள்ளை என்னைத் தனியே கூப்பிட்டார். மச்சினன் மோதிரம் தங்கத்தில் வேண்டாம் என்றார். தங்கம் கீறுகிறதாம், தேய்கிறதாம், வளைகிறதாம். டங்ஸ்டனில் போட்டால் போதும் என்றார்.

"டங்ஸ்டனா? குண்டு பல்புக்குள்ள இருக்குமே, அதுவா?"

"அதேதான் மச்சான். கார்பன் சேர்த்து மோதிரம் பண்றாங்க. கீறலே விழாது."

போனில் ஒரு வீடியோ காட்டினார். எவனோ ஒரு வெள்ளைக்காரன், மோதிரத்தை அரத்தால் தேய்க்கிறான், பாறையில் உரசுகிறான், கடைசியில் காரை ஏற்றுகிறான். மோதிரம் அப்படியே இருக்கிறது. மனிதனுக்கு வேறு வேலை இல்லையா என்று எனக்குத் தோன்றியது. மாப்பிள்ளையோ, பிறந்த குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் பயம் வேறு. நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? மாப்பிள்ளையே கேட்டார் என்று எவன் நம்புவான்? தங்கம் விற்கிற விலைக்குப் பயந்து இரும்பைப் போட்டுத் தங்கையைத் தள்ளிவிட்டுவிட்டான் என்பார்கள். என்னைச் சொன்னால் பரவாயில்லை, நானும் திருப்பிச் சொல்வேன். அந்த வீட்டில் போய் வாழப் போகிறவள் தீபா. முதல் நாளே அவள் காதில் ஒரு குத்தல் பேச்சு விழுந்துவிடக் கூடாது. எனக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

ஆகவே, உங்கள் அம்மா சபையில் சம்மதம் சொன்னால்தான் வாங்குவேன் என்று சொல்லிவிட்டேன். சம்பந்தியம்மா நல்லவர். ஆனால் வார்த்தையை அளந்துதான் பேசுவார். அவரும் இரண்டு கண்டிஷன் போட்டார்.

"அவன் ஆசைப்படறான், போடுங்க தம்பி. ஆனா கறுப்பா இருக்கக் கூடாது. கையில எடுத்தா கனம் தெரியணும்."

அன்று காலையிலேயே என் மனைவி செல்வி மாப்பிள்ளை விரலில் ஒரு நூலைச் சுற்றி அளவு எடுத்து வைத்துவிட்டாள். நூலைச் சுற்றினால் குற்றமில்லை, மோதிரத்தைப் போட்டால்தான் குற்றம். தை மாதக் காலை. ஸ்ரீரங்கத்தில் காவிரிக் காற்று பல்லைக் கிட்ட வைக்கிறது. குளிரில் விரல் சுருங்கும் என்பது ஆறாம் வகுப்புப் பாடம். நாங்கள் யாராவது ஆறாம் வகுப்பைப் படித்தது போல நடந்துகொண்டோமா?

இப்படிப்பட்ட மோதிரங்கள் பெரிய நகைக்கடைகளில் கிடைக்கவில்லை. கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். கடைசியில் பெரிய கடை வீதியை ஒட்டிய ஒரு சந்தில் ஜாஃபர் பாய் கடையைக் கண்டுபிடித்தேன். முஸ்லிம் ஆண்கள் தங்கம் அணியக் கூடாது என்பதால் வெள்ளி, பிளாட்டினம், டைட்டானியம், டங்ஸ்டன் என்று தங்கத்தைத் தவிர எல்லாம் வைத்திருக்கிறார். வளைகுடாவிலிருந்து வருகிற பையன்கள் கேட்டுக் கேட்டு, உலகத்தில் உள்ள உலோகமெல்லாம் அந்தச் சந்துக்குள் வந்துவிட்டது.

போனது நான், செல்வி, சம்பந்தியம்மா. மாப்பிள்ளையைக் கூட்டிப் போகவில்லை. கூட்டிப் போனால் போட்டுப் பார்க்கச் சொல்வார்களே.

பாய் முதலில் டைட்டானியத்தை எடுத்துக் காட்டினார். சம்பந்தியம்மா அதை உள்ளங்கையில் வைத்து லேசாக மேலும் கீழும் ஆட்டினார். நம் பெண்களின் உள்ளங்கையை எடைக்கல் போட்டுச் சோதித்துப் பாருங்கள், அரை குண்டுமணிகூட வித்தியாசம் இருக்காது. இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டுக் கண்ணாடி மேல் வைத்துவிட்டார்.

"என்னங்க இது, சோடா மூடி மாட்டம் இருக்கு."

பாய்க்கு வருத்தம். டைட்டானியத்தின் பெருமையே அந்த லேசுதான் என்றார். ஆகாய விமானத்தில் போடுகிறார்கள், உடைந்த எலும்புக்குள் வைக்கிறார்கள், தோலுக்கு ஒன்றும் செய்யாது என்று அடுக்கினார். அப்புறம்தான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"நாளைக்கு ஆத்திர அவசரம்னா கட்டர் போட்டு வெட்டியும் எடுத்துடலாம்மா."

சம்பந்தியம்மாவின் முகம் மாறியது.

"கல்யாண மோதிரத்தை எதுக்குங்க வெட்டணும்? நல்ல வார்த்தை பேசுங்க பாய்."

பாய் மோதிரத்தை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். டைட்டானியத்தின் கதை அத்தோடு முடிந்தது.

அடுத்து டங்ஸ்டன். சம்பந்தியம்மா கையில் எடுத்ததுமே புருவம் உயர்ந்தது. நல்ல கனம். தங்கத்தோடு போட்டி போடுகிற கனம். கறுப்பு இல்லை, எஃகு நிறம், நடுவில் தங்க நிறத்தில் மெல்லிய கோடு. போட்டோவில் அந்தக் கோடு போதும் என்றாள் செல்வி. பாய் தயங்கித் தயங்கி, இதைக் கட்டர் போட்டு வெட்ட வராது என்றார். அவர் எச்சரிக்கையாகத்தான் சொன்னார். எங்களுக்கு அது விளம்பரமாகக் கேட்டது. வெட்ட வராதா? அப்படியானால் அதையே கொடுங்கள்.

அவர் விடவில்லை, பாவம். இதைப் பெரிதாக்கவும் முடியாது, சிறிதாக்கவும் முடியாது, மாப்பிள்ளையை ஒரு தடவை கூட்டி வந்துவிடுங்கள் என்றார். எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். சிக்கினால் என்ன செய்ய வேண்டும் என்று அவர் ஆரம்பித்தார். "உடைச்சு—" என்றதுமே செல்வி கையை நீட்டித் தடுத்துவிட்டாள். தாலி ஏறுவதற்கு முன்னால் உடைக்கிற பேச்சு எதற்கு?

நூலை அளவுக்கோலில் வைத்துப் பார்த்தார் பாய். இரண்டு சைஸுக்கு நடுவில் நின்றது. பெரியதை எடுங்கள் என்றார்.

"சின்னதே குடுங்க. லூசா இருந்தா எங்கயாவது தொலைச்சுட்டு வந்து நிப்பார். ஆம்பளைங்களைப் பத்தி எனக்குத் தெரியும்" என்றாள் செல்வி. சொன்னது பாயிடம். பார்த்தது என்னை.

நானும் சின்னதுக்கே தலையாட்டினேன்.

கல்யாணம் வைகாசியில். திருச்சியின் வைகாசியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டாம். தைக்கும் வைகாசிக்கும் நடுவில் மாப்பிள்ளைக்கு எத்தனை வீட்டில் விருந்து என்பதையும் சொல்ல வேண்டாம். மேடையில் ஓமப் புகை, பட்டு வேட்டி, மேலே விளக்கு, சுற்றிச் சொந்தக்காரர்கள். தாலி ஏறியது. மோதிரத்தைப் போட்டேன். விரலின் நடு மூட்டில் நின்றுவிட்டது. அழுத்தினேன். நகரவில்லை. வீடியோக்காரர் கிட்டே வந்து குனிந்துகொண்டார். மாப்பிள்ளையின் பெரியப்பா — அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம் — பின்னாலிருந்து, "என்ன தம்பி, ஏறலையா?" என்று கேட்டார். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

சாஸ்திரிகள் சமயோசிதமாக ஓம நெய்யைக் காட்டினார். நெய் தடவித் திருகினேன். 'ப்ளக்' என்று மூட்டைத் தாண்டி உட்கார்ந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் ஜெயித்தவன் மாதிரி நிமிர்ந்து நின்றேன்.

அதற்குப் பிறகுதான் வினை. மாலையும் கழுத்துமாக நிற்கிற மாப்பிள்ளையிடம் நாம் என்ன செய்கிறோம்? கை கொடுக்கிறோம். கொடுப்பது என்பது மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை. பிழிகிறோம். அதிலும் எங்கள் அப்பாவோடு ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்கள் திருவெறும்பூரிலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். ஆயுசு முழுக்க ஸ்பேனர் பிடித்த கைகள். நண்பன் மகளைக் கட்டியவன் மேல் உள்ள பிரியத்தையெல்லாம் அந்த ஒரு கையில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாருக்கும் சிரித்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று அப்புறம் கேட்டேன். "நான்தானே கேட்டு வாங்கினேன் மச்சான். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது" என்றார். ஸ்பூன் கேட்டதற்குத் திமிர் என்று நினைத்தேனே, அந்த மனிதரை.

பந்தியிலிருந்து நேராக மாப்பிள்ளை அறைக்குப் போனோம். தேங்காய் எண்ணெய் தடவினோம். சோப்பு போட்டோம். ஐஸ்கிரீம் வைத்திருந்த பெட்டியிலிருந்து ஐஸ் எடுத்து விரலைப் புதைத்தோம். செல்வி ஏதோ வீடியோவில் பார்த்தாளாம், நூலை விரலில் நெருக்கிச் சுற்றி, மோதிரத்துக்குள் நுழைத்துப் பிரித்தால் கழன்று வரும் என்று சொல்லிச் சுற்றினாள். மாப்பிள்ளை முதல் தடவையாகக் கத்தினார். பிரித்துவிட்டோம். ஒவ்வொரு வைத்தியத்துக்கும் விரல் இன்னும் கொஞ்சம் வீங்கியதுதான் மிச்சம்.

காரை எடுத்தேன். ஸ்ரீரங்கத்து மண்டபத்திலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டி திருச்சிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. முகூர்த்த நாள், ஞாயிற்றுக்கிழமை. பாலத்தின் மேல் கார்கள் ஊர்ந்தன. பின் சீட்டில் மணக்கோலத்தில் புது மாப்பிள்ளை, கையை மேலே தூக்கிப் பிடித்தபடி. பக்கத்து பஸ்ஸில் இருந்தவர்கள், தங்களுக்குத்தான் கை காட்டுகிறார் என்று நினைத்து, திருப்பிக் கை காட்டினார்கள்.  தீபா மாப்பிள்ளையின் முழங்கையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு வந்தாள்.

டாக்டர் சின்னப் பையன். விரலைப் பார்த்ததும் முகம் இறுகியது. மோதிரம் வெட்டுகிற கட்டரை வைத்துச் சுற்றினார். கிறீச்சென்று சத்தம். மோதிரத்தில் ஒரு கோடுகூட விழவில்லை. கட்டரின் சக்கரத்தில் பல் போய்விட்டது. என்ன உலோகம் என்று கேட்டார். சொன்னேன். இது எங்கள் கட்டரைவிடக் கெட்டி என்றார். ரத்த ஓட்டம் குறைந்துகொண்டே வருகிறது, சீக்கிரம் எடுத்தாக வேண்டும், தாமதித்தால் விரலுக்கு நல்லதில்லை என்றார்.  

அப்போதுதான் எனக்குப் பாய் ஞாபகம் வந்தார். போன் போட்டேன். மணப்பாறையில் ஒரு வலிமாவில், அதாவது கல்யாண விருந்தில், இருந்தார். பின்னால் ஒரே சத்தம். விஷயத்தைச் சொன்னேன். 

"அன்னைக்கே சொல்ல வந்தேங்க. சொல்ல விட்டீங்களா? அது வெட்ட வராது, ஆனா உடையும். கிரிப் பிளையர் இருக்குல்ல, மெக்கானிக்குங்க வெச்சிருப்பாங்களே, கடிச்ச இடத்துல பூட்டிக்கிற பிளையர்? அதை எடுத்துட்டு வீடியோ கால்ல வாங்க."

உள்ளே ஆள் விட்டு விசாரித்தார் டாக்டர். அந்தப் பிளையர் ஆஸ்பத்திரியில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, மெக்கானிக் கடை எதுவும் திறந்திருக்கவில்லை. மண்டபத்தில் ஜெனரேட்டர் பார்க்கிறவர் டூல்ஸ் பெட்டி வைத்திருந்ததைப் பார்த்த ஞாபகம். போனில் கேட்டால், இருக்கிறது என்றார். டாக்டர், உடனே உடைத்துவிட்டு விரலை வந்து காட்டுங்கள் என்று அனுப்பிவைத்தார். திரும்பவும் பாலம். திரும்பவும் ஊர்வலம்.

மாப்பிள்ளை அறைக்குள் நுழைந்தபோது சம்பந்தியம்மாவும் பெரியப்பாவும் ஜெனரேட்டர்காரரும் காத்திருந்தார்கள். கட்டில் மேல் பிளையர் தயாராக இருந்தது. டீசல் வாசனை. செல்வி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். திரையில் பாய், கையில் பிரியாணித் தட்டோடு.

பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்தார். நாலரை ஆகிவிட்டது. ராகு காலம் ஆரம்பித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் ஆறு மணி வரைக்கும். கல்யாணத்தன்றே மச்சினன் மோதிரத்தை உடைப்பது ஒரு அபசகுனம், அதையும் ராகு காலத்தில் செய்தால் கேட்கவே வேண்டாம், ஆறு மணி ஆகட்டும் என்றார். ஆறு மணிக்குள் விரல் போய்விடும் என்று கத்தினேன். மருமகள் வீடு புகுவதற்கு முன்னாலேயே வீட்டில் ஒன்று உடைய வேண்டுமா என்று கேட்டார். பார்த்தீர்களா, நான் பயந்த பேச்சு கடைசியில் வந்தேவிட்டது. சம்பந்தியம்மா மகன் விரலைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார், மறுபடி விரலைப் பார்த்தார்.

சரி, பழி என் தலையில் விழட்டும் என்று பிளையரை எடுத்தேன். போட்ட கையே உடைக்கலாமா, அதைவிடப் பாவம் உண்டா என்றார் பெரியப்பா. ஜெனரேட்டர்காரரிடம் நீட்டினேன். கல்யாண வீட்டில் உடைக்கிற பாவம் தனக்கு வேண்டாம் என்று அவர் வாசலுக்கே போய்விட்டார். ஒரு அறை நிறைய ஆண்கள். ஒரு விரல். மணி ஓடுகிறது.

தீபா என் கையிலிருந்து பிளையரைப் பிடுங்கினாள். அவள் ஸ்கூலில் கணக்கு டீச்சர். பேசினால் போர்டில் எழுதிய மாதிரி இருக்கும்.

"பெரிய மாமா, நல்ல காரியத்துக்குத்தானே ராகு காலம் பார்ப்பீங்க? இது உடைக்கிற காரியம். ராகு காலத்துல உடைச்சா என்ன தப்பு?"

பெரியப்பா மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.  பஞ்சாங்கத்தில் இதற்குப் பதில் இல்லை போலிருக்கிறது.

"கண்ணை மூடிக்கங்க" என்றாள் மாப்பிள்ளையிடம். கல்யாணமான பிறகு அவருக்கு அவள் போட்ட முதல் உத்தரவு, எனக்குத் தெரிந்து. மனிதர் உடனே மூடிக்கொண்டார்.

சில்லு தெறிக்கும், துணி போடுங்கள் என்றார் பாய். அங்கவஸ்திரத்தை விரல் மேல் போர்த்தினாள். பாய் சொல்லச் சொல்லச் செய்தாள். மோதிரத்தில் பிளையரைப் பூட்டு. விடு. பிளையர் பிடியில் உள்ள திருகாணியை ஒரு துளி இறுக்கு. மறுபடி பூட்டு. ஒரேயடியாக நெருக்கக் கூடாது. இறுக்கிக்கொண்டே போனாள். மருதாணிக் கை, கை நிறையக் கண்ணாடி வளையல், அந்தக் கறுத்த பிளையர்.  திரையில் பாய் பிரியாணியை மறந்துவிட்டார்.

கல்லுப்பை நசுக்குகிற மாதிரி ஒரு சத்தம். 'நெறுக்'.

அங்கவஸ்திரத்தை எடுத்தாள். கார் ஏறியும் கீறாத அந்த மோதிரம் மூன்று துண்டாகக் கட்டிலில் விழுந்தது. விரலில் ஆழமாக ஒரு பள்ளம். ரத்தக்காயம் இல்லை. மாப்பிள்ளை கண்ணைத் திறந்து விரலை மடக்கினார், நீட்டினார், மறுபடி மடக்கினார். அல்ஹம்துலில்லாஹ் என்று போனுக்குள்ளிருந்து குரல் வந்தது.

அப்போதுதான் சம்பந்தியம்மா வாயைத் திறந்தார்.

"உனக்குக் கை நடுங்கலையாடி?"

"உள்ள நடுங்குது அத்தை. இன்னும் நிக்கலை."

அதைக் கேட்டதும் அந்த அம்மா வந்து தீபா பக்கத்தில் உட்கார்ந்து, பிளையரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வளையல் மட்டும் விடாமல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. நான் வெளியே போய் ஜெனரேட்டர்காரரைத் திட்டினேன். யாரையாவது திட்ட வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தோம். ஆறு மணிக்கு மேல்தான் தீபா ஸ்ரீரங்கத்து வீட்டுக்குள் வலது கால் வைத்தாள். ஆரத்தி எடுத்தது சம்பந்தியம்மா. இப்போது அந்தத் தெருவில் இரண்டு செய்தி உலாவுகிறது. வந்த அன்றைக்கே மருமகள் மோதிரத்தை உடைத்தாள் என்பது பெரியப்பா சொல்வது. வந்த அன்றைக்கே என் பையன் விரலைக் காப்பாற்றினாள் என்பது சம்பந்தியம்மா சொல்வது. தெருவில் யார் குரல் பெரியது என்று விசாரித்தேன். கவலையில்லை.

சரி, நமக்கு இதில் என்ன இருக்கிறது? டங்ஸ்டன் கெட்ட உலோகம் என்றா சொல்கிறேன்? இல்லை. அளவு பார்த்துப் போட்டால் நல்ல மோதிரம்தான். டைட்டானியமும் நல்லதுதான். தப்பு உலோகத்தில் இல்லை, நம் வாயில்தான். நல்ல வார்த்தை பேசுகிறோம் என்று, அவசியமான வார்த்தையைப் பேச விடுவதில்லை. சிக்கினால் என்ன செய்வது என்று ஒருவர் சொல்ல வந்தால் அபசகுனம் என்று கையைக் காட்டுகிறோம். மோதிரத்தோடு போகிறதா இது? பெண்ணுக்குச் சர்க்கரை என்றால் சொல்ல மாட்டோம். மாப்பிள்ளைக்கு வேலை ஆட்டம் கண்டிருந்தால் சொல்ல மாட்டோம். எல்லாவற்றையும் நெய் தடவி ஏற்றிவிடுவோம். கை தட்டுவோம். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மதியம் பிளையர் தேடுவோம்.

போன வாரம் இருவரும் காட்டூரில் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார்கள். மாப்பிள்ளை கையால் சாப்பிட்டார். விரல் சரியாகிவிட்டது, லேசாகத் தழும்பு இருக்கிறது. மச்சினன் மோதிரம் இல்லாமல் விட முடியாதே... இந்தத் தடவை எந்த உலோகம் வேண்டும், சொல்லுங்கள் என்று கேட்டேன்.  அவர் தீபாவைப் பார்த்தார்.

"வாட்ச் வாங்கிக் குடுண்ணே. ஸ்ட்ராப்ல ஓட்டை நிறைய இருக்கும்" என்றாள்.

மாப்பிள்ளை தலையாட்டினார். பிழைத்துக்கொள்வார்.